கை தட்டிப் பார்த்த கூடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி எனக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டாள்!

ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள். அவளே கடைக்குப் போய், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும், அடிவயிற்றில் 'தம் தம்' என்று இடிக்கிற வூஃபர் ஒன்றும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உங்களுக்கு ரொம்ப நாள் ஆசையாச்சே. ஒரு கீறல் விழாமப் பாத்துக்குங்க. அட்டைப்பெட்டிய மட்டும் கிழிச்சுடாதீங்க, எனக்கு வேணும்."

அட்டைப்பெட்டி மேல் அப்படி என்ன ஆசையோ!

அன்றே சபதம் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, என் நாற்காலியில் சாய்ந்து முதல் பாட்டை முழுசாகக் கேட்பேன். அதுவரை சோதனைக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம்தான். கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். நாலு தடவை கேட்டது.

"இப்படி எதிரொலிக்குதே!"

"வெறுஞ்சுவரு, வெறுந்தரை. பின்ன என்ன பண்ணும்? கனமாத் திரை போட்டு, கம்பளம் விரிச்சா அடங்கிடும்னு கடைக்காரர் சொன்னார்."

திங்கட்கிழமை திரை. செவ்வாய்க்கிழமை கம்பளம். புதன்கிழமை வூஃபர் அதிர்ந்ததில், மூலையிலிருந்த பீரோவின் கண்ணாடி கடகடவென்று கூடவே பாடியது. மூன்று வருஷமாக அந்த பீரோவை நகர்த்தச் சொல்கிறாள். நானும் மூன்று வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். அன்று கலைக்காக ஒற்றை ஆளாகப் படுக்கையறைக்குத் தள்ளினேன்.

வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு வழி உண்டு. அதை நம் நாற்காலியில் ஏற்றிப் பாடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே காதுக்குச் சுகமோ, அங்கே அதை வைக்க வேண்டும். வியாழக்கிழமை தவழ்ந்தேன்.

"தவழறதுதான் தவழறீங்க, இந்த ஈரத்துணியையும் கையில வச்சுக்குங்க. சோபாவுக்கு அடியில கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டேன். துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை டேப் பிடித்து அளந்தேன். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டு அடி. ஒவ்வொன்றிலிருந்தும் என் நாற்காலிக்கு எட்டு அடி. ஓர் அங்குலம் பிசகவில்லை.

சனிக்கிழமை. ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். நாற்காலியில் சாய்ந்தேன். வாசல்மணி அடித்தது. கடை ஆள் நேராக உள்ளே வந்து ஒயரைப் பிடுங்கினான்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"அம்மாதான் சார் வரச் சொன்னாங்க. ஒரு வாரம் வீட்ல வச்சுக் கேட்டுட்டு, பிடிக்கலைன்னா திருப்பித் தர்ற ஏற்பாடு."

அவள் கசங்காத அட்டைப்பெட்டிகளை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எனக்குப் பிடிச்சிருக்கே!"

"எனக்குப் பிடிக்கலையே. ஆனா கூடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க, ஒரு தடவை கை தட்டுங்க, எதிரொலி வருதா பாப்போம்."

பழக்கதோஷம், தட்டிவிட்டேன். எதிரொலி துளிகூட வரவில்லை. அவள்தான் குனிந்து வணக்கம் சொன்னாள்.