கம்பெனி வாசலில் போணி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அப்படிப்பட்ட நான், ஒரு நாள் காலை வல்லம் வடகால் கம்பெனி வாசலில் ஒரு வரிசையே பார்த்துச் சிரிக்க மானம்போய் நின்றேன்.

அன்றுதான் இட்லிக் கடை போட்டோம். பெரியவன் முதல் நாளே சொல்லிவிட்டான்: "இட்லி மிஞ்சிச்சின்னா அதோட கடை கெடையாது. வூட்ல குந்திக்கினு இரு."

முதலில் வந்தவன் தென்காசிப் பக்கத்துப் பையன். காசுக்குப் பதில் போனை நீட்டினான். நான் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"மொதப் போணி காசாத்தான் வரணும். கண்ணுல ஒத்திக்கணும். போனை எப்படிடா ஒத்திக்கிறது?"

"போணியா? எங்கூர்ல போணின்னா தண்ணி மோக்குற ஏனம்லா ஆச்சி!"

(முதல் வியாபாரம்தான் போணி. அது நல்ல கையால் நடந்தால் பொழுதெல்லாம் விற்கும். உருப்படாதவனை 'போணியாக மாட்டான்' என்பதும் இதை வைத்துத்தான். இதுகூடத் தெரியாமல் ஷிப்டுக்கு வந்துவிடுகிறார்கள்.)

அடுத்தவனிடமும் காசு இல்லை. அவனுக்குப் பின்னால் நின்றவனிடமும் இல்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தே, போன்லயே வாங்கிக்கலாம் அத்தே. எல்லாம் போறாங்க பாருங்க" என்று மருமகள் செல்வி கெஞ்சினாள். நான் மலை மாதிரி அசையாமல் நின்றேன். (மலைக்கு அறிவு கிடையாது.)

"பாட்டி, ஸ்ரீபெரும்புதூர் போய் ஏடிஎம்ல எடுத்துக்கினு வர்றோம், இட்லியப் பாத்துக்கோ!" என்று ஒருவன் கத்த, வரிசையே சிரித்தபடி கேட்டை நோக்கி நகர்ந்தது.

அப்போது மீசைக்காரர் ஒருவர் திரும்பி வந்தார். பீகாரிலிருந்து வந்த வெல்டர். தமிழ் சுத்தமாக வராது.

"போஹ்னி? அம்மா, போஹ்னி?"

சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டு ஒன்றை எடுத்து, தன் நெற்றியில் ஒற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

இந்தி தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர்தான் விளக்கினார்: அவர்கள் ஊரிலும் முதல் விற்பனைக்கு அதே பெயர், அதே வழக்கமாம். சொல்லே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானாம். நானோ அது எங்கள் காஞ்சிபுரத்துச் சொத்து என்றல்லவா ஆயுசு முழுக்க நினைத்திருந்தேன்!

நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குரல் கொடுத்தேன்: "போணி ஆயிடுச்சிடா! இனிமே போன்ல போடுங்க!"

போனவர்கள் ஓடிவந்தார்கள். சங்கு ஊதுவதற்குள் சட்டி காலி. சாம்பாரைக்கூட வழித்துத்தான் ஊற்றினேன்.

இன்றும் வீட்டில் நான் சோறு போட உட்கார்ந்தால், "அம்மா, கையில காசு இல்லியே, சோறு உண்டா?" என்பான் பெரியவன். கேட்கட்டும். கடை நடக்கிறது.

காவ்யா கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதினதை ஒரு வாட்டி படி. சட்டி காலியான எடத்தை மட்டும் சத்தமாப் படி. உங்கப்பன் உள்ளதான் கீறான்.