ஒரு சின்ன அப்டேட்

திரையின் வலது மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லை. மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்கு இந்த லேப்டாப்பில்தான் அவர் மனைவிக்கு வீடியோவில் நேர்காணல்.

மனைவி ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருஷமாக ரத்தம் பரிசோதிக்கிறவள். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. இப்போது ஒரு பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கிடைத்தால் எல்லா மனுஷர்களையும் போல இருட்டில் தூங்கி வெளிச்சத்தில் விழிக்கலாம். அதற்காக இரண்டு மாதம் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப் படங்களோடு நாற்பது ஸ்லைடு தயாரித்து லேப்டாப்பில் வைத்திருந்தாள். இன்று காலை டியூட்டி முடிந்து வந்தவள், படுக்கப் போகும்போது இரண்டே இரண்டு விஷயம் சொன்னாள்.

"பத்தரைக்கு எழுப்பி விடுங்க. லேப்டாப்பைத் தொடாதீங்க."

தொட வேண்டும் என்று நூலகர் நினைக்கவில்லை, பாவம். நல்ல நாளும் அதுவுமாக லேப்டாப் மெதுவாக ஓடிவிடக் கூடாதே என்று ஒரு சின்ன அப்டேட் போட்டார், அவ்வளவுதான். நூலகத்தில் புத்தகம் சரிபார்க்கும் வேலை இருந்ததால் ஒரு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை. நிறைய சேர்ந்திருந்தது. அப்டேட் என்றால் கேபிள் மாட்டித்தான் போட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஹாலில் இருக்கும் இணையப் பெட்டியிலிருந்து கேபிளை இழுத்து மாட்டிப் போட்டார். முடிந்ததும் கேபிளைப் பிடுங்கினார். வைஃபை இல்லை.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நூலகத்தின் ஆறு கம்ப்யூட்டர்களையும், மனைவியின் இந்த லேப்டாப்பையும் விண்டோஸிலிருந்து இலவச லினக்ஸுக்கு மாற்றியவர். "காசு கொடுத்து அடிமை ஆகாதீங்க, இது சுதந்திரம்" என்று புத்தகம் திருப்பித் தர வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்து வகுப்பு எடுப்பவர். உடன் வேலை செய்பவர்கள் அவருக்குப் பென்குயின் என்று பெயர் வைத்திருந்தார்கள். லினக்ஸின் சின்னம் அது என்பதால் அவருக்கு அதில் பெருமைதான்.

"பதறாதே" என்று பென்குயின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ஒன்றும் மாறவில்லை.

கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டார். லினக்ஸ் வரிசையாகச் சொன்னது. வைஃபை கார்டு மட்டும் பட்டியலில் இல்லை.

"இருக்கிற கார்டை இல்லேங்குறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று திரையைக் கேட்டார். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றது. சந்தேகமே இல்லை. புது அப்டேட், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கெடுத்துவிட்டது. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது கதை.

அந்த நேரத்தில் கேபிளை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, "இன்னிக்கு ஹால்லயே உட்கார்ந்துக்கோம்மா" என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் ஏன் என்று கேட்பாளே! தொட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே! அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கேபிளை மாட்டிக்கொண்டு, டிரைவரை நீக்கு என்று கட்டளை கொடுத்தார். "இதோடு சேர்த்து இவையும் நீங்கும், சம்மதமா?" என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதைப் படிக்க நேரம் ஏது? சம்மதம் என்று தட்டினார்.

நூலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் மேலே, அவர் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் இருக்கிறது: 'சம்மதம் கொடுக்கும் முன் முழுமையாகப் படிக்கவும்.'

கேபிள் இணைப்பும் போனது.

இணையம் வர டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். நூலகர் போனை எடுத்தார். லினக்ஸ் ஆசாமிகள் கூடும் உதவித் தளத்தில் அவர் பெரிய புள்ளி. 'கேட்பதற்கு முன் தேடிப் படிக்கவும்' என்று எத்தனை பேர் மூக்கை உடைத்திருக்கிறார்! அந்த வாயோடு எப்படிக் கேட்பது? 'கத்துக்குட்டி' என்று புதுப் பெயரில் கணக்குத் தொடங்கி, அழாத குறையாக நிலைமையை எழுதினார்.

இரண்டாவது நிமிஷம் பதில் வந்தது. 'கத்துக்குட்டி அவர்களே, முதலில் இதைப் படியுங்கள்' என்று ஒரு இணைப்பு. திறந்தார். 'சோம்பேறிகளுக்கு ஒரு வார்த்தை' என்று போன வருஷம் அவரே எழுதியது. தன் எழுத்து இவ்வளவு திமிராக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வேறு வழியில்லாமல் பென்டிரைவில் வைத்திருந்த பழைய லினக்ஸை எடுத்து, அதன் பாகங்களைப் புதியதன் மேல் போட்டார். லேப்டாப் ஒரு முறை இருண்டது. பிறகு வீடே அதிர "பீப்... பீப்... பீப்..." என்று அலறியது.

நூலகர் பாய்ந்து, நேர்காணலில் மனைவிக்குப் பின்னால் சுவரை மறைப்பதற்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து லேப்டாப்பை அமுக்கினார்.

"என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து தூக்கக் குரல்.

"மைக்ரோவேவ்மா. தண்ணி வச்சேன்."

"குழாய்லயே சுடுதண்ணி வருதே..."

"அது... அவ்வளவு சுடலம்மா. நீ தூங்கு."

சத்தம் அடங்கியது. லேப்டாப்பும் அடங்கியது. பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது. நாற்பது ஸ்லைடும் உள்ளே.

மணி ஒன்பது ஐம்பது. நூலகர் விரிப்போடு சேர்த்து லேப்டாப்பைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் சொந்த வீட்டிலிருந்து திருடனைப் போல வெளியே வந்தார்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரரோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை. ஆறு மாதம் முன்பு நாலு பேர் எதிரில், "நீங்க ஸ்க்ரூ கழட்டுறவர்ங்க. இதெல்லாம் மூளை வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்றைக்கு அந்தப் படியேற அவருக்குக் கால் வரவில்லை. கடை வாசலை இரண்டு தரம் தாண்டிப் போய், மூன்றாம் தரம் உள்ளே நுழைந்தார்.

"வாங்க சார்" என்றார் கடைக்காரர், ஒன்றும் நடக்காதது போல. "என்ன, துணி துவைக்கப் போட வந்தீங்களா?"

நூலகர் மூட்டையைப் பிரித்தார். கடைக்காரர் லேப்டாப்பைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"இது அக்காவோடதாச்சே!"

"ஆமாங்க. காலையில ஒரு சின்ன அப்டேட் போட்டேன். வைஃபை கார்டை முழுங்கிடுச்சு."

"வைஃபை கார்டையா? இதுலயா?"

"ஆமா."

கடைக்காரருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று நூலகருக்குப் புரிந்தது. சிரிக்கட்டும். அன்று பேசிய பேச்சுக்கு இது கூட இல்லாவிட்டால் எப்படி?

"கார்டு கிடக்கட்டுங்க. பதினொரு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. ஸ்லைடெல்லாம் உள்ள இருக்கு. எப்படியாவது... அன்னிக்கு நான் பேசினது தப்புங்க."

"என்னிக்கு?" என்று கேட்டபடி கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நல்ல மனுஷர்.

நூலகரின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, லேப்டாப்பைக் காணோம்?"

அவர் வாயில் மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் நொண்டி.

"முனைக் கடைக்கு வா" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். மேலே நேர்காணலுக்கு எடுத்து வைத்த உடுப்பு, காலில் பாத்ரூம் செருப்பு. மேஜை மேல் வயிறு திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தொடாதேன்னு சொன்னே. தொட்டேன்" என்றார் நூலகர். "அப்டேட் போட்டேன், வைஃபை போச்சு. சரி பண்றேன்னு கேபிளையும் போக்கினேன். அப்புறம் எல்லாத்தையும் போக்கிட்டேன். மைக்ரோவேவ்னு சொன்னதும் பொய். வெட்கமா இருக்கும்மா. என்ன வேணாலும் திட்டு."

கடைக்காரர் எதிரில் இதைச் சொல்வது செருப்படி வாங்குவது போல இருந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரர் உடனே மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட நூலகர் தாங்கியிருப்பார். பேசக்கூட வராத அளவுக்கு மனசு உடைந்து போனாளே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஸ்லைடு பத்திரமா இருக்கு அக்கா" என்றார் கடைக்காரர். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் போட்டு, கடைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். நாற்பது ஸ்லைடும் வரிசையாக வந்தன. "இங்கயே உட்கார்ந்து பேசுங்க. ஷட்டரைப் பாதி இறக்கிடுறேன்."

"பின்னாடி இவ்வளவு குப்பை தெரியுமே?" என்றாள்.

செத்துப்போன கீபோர்டுகளும் வயர்களும் அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தொங்கின. நூலகர் விரிப்பை உதறினார். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி, இரண்டு கையையும் தூக்கி விரித்துப் பிடித்துக்கொண்டார்.

நாற்பது நிமிஷம். பத்தாவது நிமிஷத்தில் கை மரத்தது. இருபதாவது நிமிஷத்தில் தோள் நடுங்கியது.

"மேடம், உங்க பின்னால சுவர் ஆடுதே?" என்றது கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரியவர் குரல்.

"திரைச்சீலைங்க சார். காத்து."

திரைச்சீலை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவள் பேசப்பேச நூலகர் கை வலியை மறந்தார். ஒரு துளி ரத்தத்தில் என்னவெல்லாம் தெரியும் என்று அத்தனை எளிமையாக, அத்தனை நிதானமாகச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இதையெல்லாம் சொல்லு என்று அவர் கேட்டதில்லை. அவர் சொன்னதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அந்த வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது.

"கடைசிக் கேள்வி" என்றது அந்தக் குரல். "லேப்ல ஒரு பொண்ணு தப்பு பண்ணிட்டு மறைச்சிட்டா. என்ன பண்ணுவீங்க?"

அவள் மேஜை மேல் கிடந்த லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"மறைக்கிறவங்க எல்லாம் கெட்டவங்க இல்ல சார். நேரா சொன்னா வேலைக்கு ஆகாதுன்னுதான் மறைக்கிறாங்க. முதல்ல என்கிட்ட வந்து சொல்ற மாதிரி நான் நடந்துக்கணும்."

விரிப்புக்குப் பின்னால் நூலகர் மூக்கை உறிஞ்சினார். இவ்வளவு செய்த பிறகும் தனக்காகத்தான் பரிந்து பேசுகிறாள்!

திங்கட்கிழமை சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். வேலை கிடைத்தாயிற்று. நூலகரால் கையை உடனே கீழே இறக்க முடியவில்லை. கடைக்காரர்தான் பிடித்து இறக்கிவிட்டார்.

"இனிமே உன் பொருள் எதையும் தொடமாட்டேன். சத்தியம்" என்றார்.

"சரி, விடுங்க. நானும்..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். "தூக்கம் சொக்குது, நான் வீட்டுக்குப் போறேன். நீங்க மெதுவா வாங்க." அவர் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

நூலகர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தங்கமான மனசுங்க" என்றார். "ஒரு வார்த்தை திட்டலை பாருங்க. எனக்குத்தான் ஆறலை. நல்லா இருந்த கார்டை நாசம் பண்ணிட்டேன். இருக்கிறதிலேயே உசத்தியா ஒரு கார்டு போட்டுக் குடுங்க. அதாவது செய்யறேன் அவளுக்கு."

கடைக்காரர் மறுபடி இரும ஆரம்பித்தார். ஷட்டர் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், நீங்க இப்படி உருகுறதைப் பார்க்க முடியல. அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க. இங்க பாருங்க."

திறந்திருந்த லேப்டாப்பின் ஓரத்தைக் காட்டினார். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு சின்ன வயர்கள் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன.

பென்குயின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்டேட்ல... கார்டே போயிடுமா?"

"அப்டேட்ல எப்படி சார் கார்டு போகும்? போன மாசம் நான்தான் கழட்டினேன். அக்காதான் கொண்டு வந்தாங்க. 'வேலை செய்யறப்போ மட்டும் வெளியில சொருகிக்கிற மாதிரி வைஃபை ஒண்ணு குடுங்க, நான் கைப்பைக்குள்ள வச்சுக்கறேன். உள்ள இருக்கிறதைக் கழட்டிடுங்க. நெட் இருந்தா, நான் தூங்குற நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் அப்டேட் போட்டுடுறார்'னாங்க."