சம்மதப் படிவத்தில் ஒரு லகரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். என் மகள், அதாவது தங்கள் மருமகள், பிரசவ அறையில் இருக்கிறாள். நான் வெளியே பெஞ்சில் அமர்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போட மறுத்து டாக்டரை அவமதித்தேன் என்று சற்று முன் தொலைபேசியில் சொன்னீர்கள். பதில் சொல்ல இடம் கொடுக்காததால் இக்கடிதம்.

உங்கள் மகன் கப்பலில் இருப்பதால் நான்தான் கையெழுத்திட வேண்டுமாம். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டாக்டரம்மா ஐந்து மணிக்கு விமானம் ஏற வேண்டும், ஆகவே மதியமே ஆபரேஷன் என்றார் நர்ஸ். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தி வேணாம்மா. எப்படியாவது கொஞ்சம் நேரம் வாங்கிக் குடு" என்றாள். நார்மலாகப் பார்க்கக் கூடாதா என்று நர்ஸைக் கேட்டேன்.

"இந்த மாடியில எட்டு ரூம். ஏழுல தையல். இங்க அதுதாம்மா நார்மல்."

பிறகு படிவத்தை வாசித்தேன். 'வேறு வலியில்லாததால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. வழிக்குப் பதில் வலி. வலியே இல்லையென்றால் எதற்கு அறுக்க வேண்டும்? அறுவைக்கும் சிகிச்சைக்கும் நடுவே வர வேண்டிய 'ச்'சையும் காணோம். நான் படித்த கான்வென்ட்டில் ஒரு கால்புள்ளி விட்டாலே முட்டி போட வைப்பார்கள். பிழைக்குக் கீழே கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. திருத்தி அனுப்பினேன், தட்டச்சு செய்பவர் சாப்பிடப் போயிருந்தார், வந்தவர் 'வளி' என்று அடித்தார், வேறு காற்றில்லாததாலா நான் சம்மதிப்பது, மறுபடி அனுப்பினேன், பிரிண்டரில் மை தீர்ந்தது, கடைசியில் மேலாளரே வந்து, "இதை யாருமே படிக்க மாட்டாங்க மேடம், நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?" என்றார், அவர் சட்டையில் 'மேளாலர்' என்று குத்தியிருந்ததையும் நான் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. மணி மூன்றாகிவிட்டது. இதில் அவமதிப்பு எங்கே வந்தது?

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
பிழை பொறுக்காத
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிட்டது. டாக்டரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்து காகிதத்தை நீட்டினார். படிக்காமலே போட்டேன், போட வேண்டிய இடத்திலும் போடவில்லையாம். பதினைந்தாவது நிமிடம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். டாக்டரம்மாவால் இனி விமானத்தைப் பிடிக்க முடியாது. வெளியே வந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"கைய விடுங்கம்மா," என்றார். "அடுத்த ஆபரேஷனுக்கு அது வேணும்."