நிச்சயத்தன்று நான் எழுந்து போனது இடுப்பால்தான்

நன்னிலம்,
ஆவணி முதல் வாரம்.

பட்டுக்கோட்டை திரு. கண்ணுசாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்களை இன்னமும் சம்பந்தி என்று அழைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்கும் ஐயாவு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி அம்சமும் மகள் மதிவதனியும் நலம். குறுவை பால் பிடித்து நிற்கிறது. தங்கள் வீட்டிலும் தென்னந்தோப்பிலும் எல்லோரும் எல்லாமும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் போனுக்கு எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டேன். எப்போதும் அணைத்தே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வணக்கத்துக்கு ஒற்றை டிக்கோடு சரி. வேறு வழியில்லாமல் தாள் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். 'உட்கார்ந்திருக்கிறேன்' என்ற வார்த்தையை மட்டும் தாங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம் தங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகளுக்கும் தங்கள் மகன் இனியவனுக்கும் நிச்சயம் நடந்தபோது, பெண்ணைப் பெற்றவருக்குச் சம்மதமா என்று சபையில் கேட்ட நேரம் பார்த்து நான் கத்தியதும், எழுந்து வெளியே போனதும், திரும்பி உள்ளே வராமலே வேன் ஏறியதும் சம்மதம் இல்லாமல் அல்ல. இடுப்பு வலியால். இந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கே சொல்லாமல் விட்டதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

தங்களுக்குத் தெரியும், நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் பாதியைக் கம்பியில் சாய்ந்து நின்றே கழித்தவன். அந்தக் குழியிலும் மேட்டிலும் ஒரு நாள்கூட முதுகு வலி என்று படுத்ததில்லை. ஓய்வு பெற்று, நாற்காலி வாங்கிப் போட்டு, அதில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் வினை வந்தது. இந்த வருஷம் குறுவை நடவின்போது வரப்பில் நின்று, "கரையோரம் நாத்து பத்தலை" என்று கையை நீட்டிச் சொன்னேன் பாருங்கள், அப்போது ஒரு கால் வழுக்கி முழங்கால் வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டது. இன்னொரு கால் வரப்பிலேயே நின்றுவிட்டது. நடுவில் இருந்த நான்தான் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நடவுக்கு வந்த பெண்கள் நாற்றைப் பிடுங்குகிற மாதிரி என்னைப் பிடுங்கி மேலே போட்டார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து இடுப்புக்குக் கீழே, வலது பக்கம், சரியாகப் பின்பாக்கெட்டுக்கு மேலே, யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போல ஒரு வலி. நின்றால் பரவாயில்லை. நடந்தால் பரவாயில்லை. உட்கார்ந்தால் உயிர் போயிற்று. அதுவும் தரையில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அம்சம் தைலம் தடவினாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். எங்கள் தெருவில் போகிற வருகிற எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் ஒருவர், தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு பறந்துபோகும் என்றார். எங்கள் ஊரில் அப்படிப் பிறந்தவர் உரக்கடை முகம்மது யூசுப் ஒருவர்தான். என் நெருங்கிய நண்பர், தங்கமான மனிதர், ஆனால் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறினால் பின் சக்கரம் தரையோடு பேசும். அவரே வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"அண்ணே, என் வெயிட்டுக்கு உங்க இடுப்பு தாங்காதுண்ணே."

"முழுசா ஏறவா சொன்னேன்? கட்டை விரலை மட்டும் வையுங்க பாய்."

யூசுப் பாய் இறைவன் பெயரைச் சொல்லிக் கட்டை விரலை மட்டும்தான் வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு மற்றக் காலில் குரக்குவலி பிடித்துக்கொண்டது. பாவம், அவர் எங்கே போவார், என் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வலி வலது பக்கம் மட்டும்தான் என்று சொல்ல முடியாமல் போயிற்று.

இந்த நிலைமையில்தான் நிச்சயத்துக்கு நாள் குறித்தீர்கள். வலியைச் சொல்லித் தள்ளிப்போடலாம் என்று அம்சம் சொன்னாள். நான்தான் வாயை மூடச் சொன்னேன். பெண்ணின் அப்பனுக்கு இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் இப்படித்தான் வருமோ என்று யாராவது கிளப்பிவிடுவார்களே என்று பயந்தேன். மகளிடமும், "மாப்பிள்ளை வீட்டுல யார்கிட்டயும் இடுப்பு வலின்னு மூச்சு விடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

தங்கள் வீட்டில் நாற்காலிகள் இருந்தன. கண்ணால் பார்த்தேன். ஆனால் சபையில் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்ணைப் பெற்றவன் மட்டும் நாற்காலி கேட்டால் திமிர் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணம் போட்டேன். தலைமை தாங்கிய தமிழாசிரியர் சங்க காலத்தில் ஆரம்பித்தார். சோழர் காலத்துக்கு வருவதற்குள் என் வலது கால் என்னுடையதா பக்கத்தில் இருந்தவருடையதா என்று தெரியவில்லை. வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. தாங்கள்கூட மின்விசிறியை என் பக்கம் திருப்பச் சொன்னீர்கள், அந்தக் கரிசனத்தை மறக்கவில்லை. அப்போது அவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "பெண்ணைப் பெற்றவர் சொல்லட்டும், மனப்பூர்வமான சம்மதம்தானே?" என்றார். சம்மதம் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்ததுதான் தப்பு. "ஐயோ, முடியலையே!" என்று கத்திவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போய் ஒரு தென்னை மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது தாங்கள் வாசற்படி வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனீர்கள். சம்பந்தி, இடுப்பு வலிகூட அவ்வளவு வலிக்கவில்லை.

என்னைப் படுத்த வாக்கில் வேனில் ஏற்றினார்கள். மதிவதனி பட்டுப்புடவையோடு என் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தாள். வழி முழுக்கப் போனில் எதையோ தேடிக்கொண்டே வந்தாள்.

தஞ்சாவூரில் டாக்டர் அனீஸா என்று ஒருவர், மலேசியாவில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு வந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மருந்து, ஊசி இல்லாமல் கையாலேயே மூட்டைச் சரிபண்ணும் வைத்தியமாம். பஸ்ஸில் உட்கார முடியாததால் பழைய வழக்கப்படி கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே போனேன். வாய் சும்மா இருக்கவில்லை, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டது. ஓர் அம்மாள் என்னிடம் கும்பகோணத்துக்கு டிக்கெட் கேட்டார். அந்த பஸ்ஸின் நிஜமான கண்டக்டர் இறங்கும் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

மருத்துவமனை மாடியில் இருந்தது. இடுப்பு வலிக்கான இடத்தை மாடியில் வைத்த மகராசனைப் படிக்குப் படி வாழ்த்திக்கொண்டே ஏறினேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், ஒல்லியான உடம்பு. இந்தப் பெண்ணா என் எலும்பைத் திருப்பப் போகிறது என்று நினைத்தேன். அவர் உடனே கை வைக்கவில்லை. கால் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கவைத்தார், குனியவைத்தார், அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஆணி திருகிய இடத்தில் அவர் விரல் பட்டதும் நான் துள்ளியதைப் பார்த்துச் சிரித்தார்.

"முதுகெலும்போட அடியும் இடுப்பெலும்பும் சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும் ஒரு மூட்டு இருக்குங்க ஐயா. அதுல வலது பக்கம்தான் உங்களுக்கு மக்கர் பண்ணுது."

"எலும்பு எடம் மாறிடுச்சாம்மா?"

"எடமெல்லாம் மாறலைங்க. அசைய வேண்டிய அளவு அசையலை. சுத்தியிருக்கிற தசையெல்லாம் பயந்துபோய் இறுகிக் கெடக்கு. இதுக்கு முன்னாடி ஏதாவது வைத்தியம் பாத்தீங்களா?"

யூசுப் பாய் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே யாரையும் மேல ஏறவிடாதீங்க ஐயா. எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும்."

பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடுங்க" என்றார். விட்டேன். 'டொப்' என்று ஒரு சத்தம். வலித்ததா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே நான் கத்தி முடித்துவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த அம்சம், "என்னம்மா ஒடைச்சீங்க?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "ஒண்ணும் ஒடையலைம்மா, மூட்டுக்குள்ள காத்து போற சத்தம்தான்" என்று டாக்டர் சொல்லியும் அவள் நம்பாமல் என் கை காலை எல்லாம் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.

வண்டியை ஒரு தட்டு தட்டினால் ஸ்டார்ட் ஆவது மாதிரி அன்றோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அன்றைக்கு லேசாக இருந்தது, மறுநாள் காலையில் வலி திரும்ப வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது குறைப்பட்டேன். "பாதி வேலைதான் என்னோடது. மீதி உங்களோடது. பயிற்சி செய்யலைன்னா இந்த மாடிப்படியைத் திட்டிக்கிட்டே வருஷம் பூரா ஏறிட்டிருப்பீங்க" என்றார். நான் திட்டியது அவர் காதில் விழுந்திருக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்க வேண்டும். காலையும் மாலையும் நடக்க வேண்டும். நாற்காலியே கதியென்று கிடக்கக்கூடாது. முதல் நாள் கூடத்தில் படுத்து இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நலம் விசாரிக்க வந்த யூசுப் பாய், எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து ஒரு செம்பு தண்ணீரை முகத்தில் ஊற்றிவிட்டார். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன்.

ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே என்னால் குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியவில்லை. மதிவதனி குந்தி உட்கார்ந்து மாட்டிவிட்டாள். மேலேயிருந்து அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை நானே கத்திக் கலைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். "மதி, அந்த இடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"முதல்ல நீங்க நிமிந்து நில்லுங்கப்பா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று எழுந்துவிட்டாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயிற்சியை மட்டும் ஒரு வேளை விடாமல் செய்தேன்.

வலி சொல்லிக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. முதலில் இருமும்போது வலிப்பது நின்றது. பிறகு வேட்டியை நின்றபடியே கட்டிக்கொள்ள முடிந்தது. ஆடிப்பெருக்கன்று முடிகொண்டான் ஆற்றுக்குப் போனோம். படித்துறையில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினேன். எழுந்திருக்கும்போது அம்சம் பழக்கத்தில் கையை நீட்டினாள். நான் பிடிக்காமலே எழுந்துவிட்டேன். அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "சம்பந்தி வீட்டுல இதைப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்சமும் அங்கே வருகிறோம். தாங்கள் கதவைத் திறந்தால் போதும். அதே கூடத்தில், அதே ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சபையில் நான் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்கிறேன். என் மகளின் நல்ல வாழ்க்கை என் இடுப்பால் கெட்டது என்று இருக்கக் கூடாது.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளை இனியவனுக்கு, தாங்கள் அனுமதித்தால், எங்கள் ஆசி. தோப்பு காய்த்துக் குலுங்கட்டும். வீட்டில் யாருக்கும் ஒரு சுளுக்குகூட வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ஐயாவு.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் இனியவன் எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டார். "ஆடி முடிஞ்சிடுச்சு மாமா, நாள் பாத்துட்டு வரச்சொல்லி அப்பா அனுப்பினாங்க" என்கிறார். தங்கள் போன் தேங்காய் லோடோடு லாரியேறிக் காங்கேயம் பக்கம் போய்த் தொலைந்த கதையையும் அவர்தான் சொன்னார். "அப்பாவுக்கு என் மேல கோபம் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "எதுக்கு மாமா கோபம்? அவசரம்னா யாருக்கும் அவசரம்தானே. எங்க பெரியப்பாவுக்கும் சர்க்கரைதான், அவரும் இப்படித்தான் தோப்புக்கு ஓடுவாரு" என்றார். முடியலையே என்று கத்திக்கொண்டு மரம் தேடிப் போனவனை, மரியாதைக்காகத் தாங்கள் எல்லோரும் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டீர்களாம். மதிவதனியைப் பிடித்துக் கேட்டேன். "நீங்கதானேப்பா இடுப்பு வலின்னு சொல்லக்கூடாதுன்னீங்க. ஒடம்பு சரியில்லை, அதைப் பத்தி கேக்காதீங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொன்னேன். அவங்களுக்குக் கோபம் இல்லைன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே, நீங்க அதையே நெனச்சு வருத்தப்படுறீங்கன்னுதான் தெரியலை" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். மேலே எழுதியது எதற்கும் அவசியமே இல்லாமல் போய்விட்டது. இருந்தாலும் இந்தக் கடிதத்தை இனியவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தங்கள் உறவினர் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டவும். எனக்குச் சர்க்கரை கிடையாது. தாங்கள் அன்போடு இவரிடம் கொடுத்தனுப்பிய பாகற்காய் வற்றலும் இனிப்பில்லாத பிஸ்கட்டும் வந்து சேர்ந்தன, நன்றி. கல்யாண மண்டபத்தில் கழிப்பறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் அறையைத் தங்கள் துணைவியார் எனக்கென்றே சொல்லி வைத்திருக்கிறாராம். அந்த அறையைத் தயவுசெய்து தங்கள் அண்ணனுக்குக் கொடுக்கவும். பந்தியில் என் இலைக்கு ஜாங்கிரி வந்தாக வேண்டும்.