சகாதேவனின் விசில் குறித்து மச்சானுக்கு

திருவண்ணாமலை,
ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஜேந்திரன் அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் தங்கை உண்ணாமலையின் கணவன் இளஞ்செழியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். தங்கள் தங்கை அளவுக்கு மீறிய நலம். அதுதான் விஷயம். வேலூரில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. இதைக் கைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன முறை தங்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் அனுப்பிய குரல் பதிவு குடும்பக் குழுவில் போய் விழுந்து, சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி கவிநிலா வரை கேட்டுச் சிரித்தாள். தபால் பெட்டி அப்படியெல்லாம் செய்வதில்லை.

எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில், சென்ற தை மாதம் 'முதுமையில் உடலியக்கம்' என்று ஒரு கருத்தரங்கு நடத்தினேன். வந்திருந்த டாக்டரம்மா, அறுபதைத் தாண்டியவர்கள் தினமும் கொஞ்சமாவது நடக்க வேண்டும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பழக வேண்டும், சுவரை ஒட்டி நின்று ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும், விழுந்துவிடுவோமோ என்று பயந்து உட்கார்ந்தே இருப்பவர்தான் சீக்கிரம் விழுவார் என்றெல்லாம் பேசினார். நல்ல பேச்சு. நன்றியுரையில் அதையே நான் இன்னும் நல்ல தமிழில் திருப்பிச் சொன்னேன். பொன்னாடை, போண்டா, நாட்டுப்பண். அத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன். பணிக்காலம் முழுவதும் தாலுகா அலுவலகத்தில் கழித்தவன் நான். கருத்தரங்கில் சொன்னதை யாரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் செய்து பார்த்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. தங்கள் தங்கை செய்தாள். மறுநாள் காலை கூடத்து நாற்காலியில் உட்காருவதும் எழுந்து நிற்பதும் மறுபடி உட்காருவதுமாக இருந்தாள். யாரோ பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் வருகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன்.

இதுவரை பொறுத்துக்கொண்டிருப்பேன். இடையில் சகாதேவன் புகுந்தார். எதிர்வீட்டுக்காரர். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர், மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவர், தலைமுடி முழுவதையும் இழக்காமல் வைத்திருப்பவர். இதில் கடைசித் தகவல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தெருவில் உள்ள முதியவர்களை எல்லாம் திரட்டி, பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் விடியற்காலையில் நடைக்கு அழைத்துப் போகிறார். ஒரு ஊதல் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். இரண்டு என்றால் புறப்பட வேண்டும். "முன்ன போம்மா, முன்ன போ, எடம் கீது!" என்று அவர் கத்துவதும், தாங்கள் பொங்கலுக்கு வாங்கி அனுப்பிய ஊதா நிற ஷூவைப் போட்டுக்கொண்டு தங்கள் தங்கை உண்மையிலேயே முன்னே போவதும், நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் தினசரி நடக்கிறது. அந்த ஷூவைப் பற்றித் தங்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

போகட்டும், நடந்துவிட்டு வந்து பேசாமல் இருக்கிறாளா? இல்லை. "சகாதேவன் அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு பாருங்க, ஒரு ஆட்டம் அசைவு இல்ல" என்கிறாள். "கொக்குகூடத்தான் நிக்குது" என்றேன். "கொக்கு பேசாது. இவரு நின்னுக்கினே பேசுறாரு. ஓடுற பஸ்ல கம்பியப் புடிக்காம நின்னு பழகுனவராம்" என்றாள். நானும் சும்மா இருந்தவன் அல்லன், நகராத நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் ஆடாமல் இருந்தவன் என்று எடுத்துச் சொன்னேன். அதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிவிட்டாள். இங்கே தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் மச்சான். அவரை அவள் 'அண்ணன்' என்று அழைக்கிறாள். அது தங்களுக்கு உரிய இடம். நான் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. தங்கள் பதவி கண்ணெதிரே பறிபோகிறதே என்றுதான் மனம் கொதிக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முன்பெல்லாம் காலைக் காப்பியிலிருந்து கதவு தாழ்ப்பாள் போடும் வரை என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள். துண்டை ஈரத்தோடு போட்டதற்கு, விளக்கை அணைக்காததற்கு, பிறந்ததற்கு. இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. ஈரத் துண்டைக் கட்டிலின் நடுவில் போட்டுப் பார்த்தேன். எடுத்து உலர்த்திவிட்டு, கையை மேலே தூக்கினால் தோளுக்கு நல்லது என்று சொல்லிப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இந்த நிலையில்தான் அடுத்த பௌர்ணமிக்குக் குழுவாகக் கிரிவலம் போவதென்று முடிவு செய்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து மலை சுற்றுவது என்றால் நானும் அவளும்தான். சில வருடங்களாக என் முழங்காலை முன்னிட்டு, ஆசிரமம் வரை நடந்து, அங்கிருந்து ஆட்டோவில் வீடு திரும்பி, மீதி மலையை மனத்தால் சுற்றி வந்தோம்; அதிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை அவள் சொன்னாள்: "நீங்க சிரமப்படாதீங்க. ரபீக் ஆட்டோல வந்து ஈசானிய லிங்கத்தாண்ட தண்ணி பாட்டில் வச்சிக்கினு நில்லுங்க. நாங்க சுத்தி வந்து வாங்கிக்கிறோம்." இத்தனை வருடம் அவள் பக்கத்தில் நடந்தவன், முடிவில் பாட்டில் பிடிக்கும் ஆள். பக்கத்தில் நடப்பது விசில். இதை எந்தப் புருஷன் பொறுப்பான்?

இன்று காலை அதற்கு ஒத்திகை. முழுச் சுற்று. அவள் யார் பக்கத்தில் நடக்கிறாள் என்பதை என் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பின்னால் போனால் எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே, தாலுகா அலுவலகத்தில் கற்ற நிர்வாகத் திறமையைக் கொண்டு, குபேர லிங்கத்தில் இறங்கி அடி அண்ணாமலை நோக்கி நடந்தால் அவர்கள் நேர் எதிரே வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ரபீக் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "சார், நீங்க போறது ரிவர்ஸு" என்றான். நான் இறங்கி நடந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், மலையை யாரும் அப்பிரதட்சணமாகச் சுற்றுவதில்லை என்பதைப் பொறாமையில் மறந்துபோனேன் என்று சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பூக்கார அம்மாள் வழிமறித்து, "பெரியவரே, மலையோரம் சித்தருங்க நடக்கிற பக்கம். கண்ணுக்குத் தெரியாம எதிர்க்க வந்துகினு இருப்பாங்க. இடிச்சிடப் போறீங்க" என்றார். சித்தர்களுக்கு இடம் விட்டுச் சாலையின் மறு ஓரத்துக்கு மாறினேன். அங்கே கண்ணுக்குத் தெரிந்தவர்கள் இடித்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம், வழி தெரியாத கிழவர் என்று இரக்கப்பட்டு, "இட்டு, இட்டு" என்று தெலுங்கில் வழி சொல்லி என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பிவிட்டது. அவர்கள் கண் மறைந்ததும் நான் மறுபடி திரும்பினேன். ஒரு காவி உடைக்காரர் ஒன்றும் பேசாமல் திருப்பினார். பள்ளிக்கூடப் பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே திருப்பினார்கள். ஒவ்வொருவரும் திருப்பிவிட்ட மரியாதைக்காகக் கொஞ்சம் நேர் திசையில் நடந்து, பிறகு எதிர்த் திசையில் நடந்து, ஒரே இடத்தில் நான் நடந்த நடையில் மலையையே ஒரு முறை சுற்றியிருக்கலாம். கடைசியில் வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எழ முடியாது என்பது தெரிந்தது.

அப்போது விசில் கேட்டது.

முன்னால் தங்கள் தங்கை வந்தாள். வெறுங்காலோடு, வியர்த்து, கல்யாணத்தில் பார்த்ததைவிட நன்றாக. சகாதேவன் அவள் பக்கத்தில் இல்லை. குழுவின் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காசியம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதைக் காண எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு ஊதல். பஸ் நின்றது.

"இன்னா சார், டிக்கெட் எடுக்காம குந்திகினு கீறீங்க?" என்று கையை நீட்டினார் சகாதேவன். அந்தக் கையைப் பிடித்து எழுவதைவிட அந்த மதகிலேயே மிச்சக் காலத்தைக் கழிப்பது மேல் என்று நான் தீர்மானித்த நேரத்தில், தங்கள் தங்கை அவரை விலக்கினாள். "நீங்க இருங்கண்ணா. இவர நான் பாத்துக்கிறேன்" என்று முன்னால் வந்து, காலை அகட்டி நின்று, என் அக்குளில் கை கொடுத்து, "பாதத்த உள்ள இழுங்க. முன்னாடி சாயுங்க. ம்... எழுந்திரிங்க" என்றாள். எழுந்துவிட்டேன், மச்சான். அறுபத்தாறு வயதுப் பெண்மணி, என்னை, ஒரு மூட்டையைப் போல. எல்லோரும் கை தட்டினார்கள்.

"உனக்கு எங்கிருந்துடி இவ்ளோ பலம்?" என்றேன்.

"தினம் நாற்காலில உக்காந்து உக்காந்து எழுந்திருக்கேனே, யாருக்குன்னு நெனச்சீங்க? டாக்டரம்மா பேசுறப்ப நீங்க மேடையில குந்திக்கினு இருந்தீங்க. அந்த நாற்காலியிலருந்து எழுந்திரிக்க மூணு தடவ முன்ன பின்ன ஆடுனீங்க. நான் கீழ இருந்து பாத்தேன். நாளைக்கு நீங்க பாத்ரூம்ல விழுந்தீங்கன்னா தூக்கறது யாரு? எங்க அண்ணன் வேலூர்லருந்து வருவாரா?"

பிறகு சகாதேவனைப் பார்த்து, "நீங்க போங்கண்ணா, நாங்க மெதுவா வர்றோம்" என்றாள். இரண்டு ஊதல். பஸ் போய்விட்டது. குபேர லிங்கம் வரை என் வேகத்தில் என் பக்கத்திலேயே நடந்தாள். வழி முழுக்கத் திட்டினாள். ஈரத் துண்டு, விளக்கு, பிறந்தது, எதையும் விடவில்லை. சகாதேவனை அவள் இன்றுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்பதையும் நடந்துகொண்டே உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் இதையெல்லாம் வைத்துத் தாங்கள் மனம் இளகிவிடக் கூடாது. கட்டிய கணவன் விழுவான் என்று நிச்சயித்து ஒரு பெண் மாதக்கணக்காகப் பயிற்சி எடுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதைத் தாங்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். தாங்கள் மூத்தவர். தங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். நடையை நிறுத்தும்படியும் ஷூவைத் திருப்பி அனுப்பும்படியும் உடனே அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லவும். அண்ணாமலையார் தங்கள் குடும்பத்துக்குக் குறைவற்ற ஆயுளையும், அதைக் கழிக்கச் சாய்மானமுள்ள நாற்காலிகளையும் அருள்வாராக. பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
இளஞ்செழியன்.

பின்குறிப்பு: தபால்தலை கிடைக்காமல் இக்கடிதம் ஒரு வாரம் மேசையில் கிடந்துவிட்டது. மேற்கண்ட எதையும் உண்ணாமலையிடம் சொல்ல வேண்டாம். எனக்கும் ஒரு ஜோடி ஷூ அனுப்பவும். அளவு ஒன்பது, நிறம் சகாதேவன் போட்டிருப்பதைவிடச் சற்றுப் பளிச்சென்று. சென்ற திங்கள் முதல் நானும் நடைக்குப் போய் வருகிறேன், தெருமுனை வரைதான், அங்கேயே ஒரு ஊதலுக்கு நின்று திரும்பிவிடுகிறேன். சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வருகிறது. நேற்று அப்படி நின்றபோது காசியம்மாள், "சார் எவ்ளோ ஸ்டெடியா நிக்கிறாரு பாருங்க" என்று தன் கணவர் திருமலையிடம் சொல்லியிருக்கிறார். வாசல் நாற்காலியை விட்டு அசையாத திருமலை, "யாரு அந்த ஆளு?" என்று கேட்டாராம். இன்று காலை தபால் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல், தன் மச்சானுக்கு ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார்.