முப்பத்திரண்டு வரி மளிகைச் சீட்டு

மனித குலம் தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திய நாளில்தான் நாகரிகம் தொடங்கியது; இயந்திரங்களும் எண்களை மறக்கும் நாளில் அது நிறைவு பெறும்.

இதைத் தலைமைப் பொறியாளர் சிரிக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தி, புது மருந்து தேடும் ஆய்வாளர். அவளும் சிரிக்கவில்லை. அவளுடைய மருந்துக் கணக்கு பத்தொன்பது நாளாக அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று மாலை முடிய வேண்டும்.

அறை என்றால் குளிர்பெட்டிக்குள் நிற்பது மாதிரி. இரண்டு வரிசையில் முப்பத்திரண்டு கணினிகள், ஒரு பெரிய கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு இரைந்துகொண்டிருந்தன. பங்கு போட்டால் பேசிக்கொள்ள வேண்டும். கூப்பிடுவதோ பெயர் சொல்லி, போய்ச் சேர வேண்டியதோ எண் பார்த்து. இந்தப் பெயருக்கு இந்த எண் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷமாக அதைச் சொன்னது ஒரு பட்டியல். முப்பத்திரண்டு பெயர், முப்பத்திரண்டு எண், ஒவ்வொரு கணினியிலும் ஒரு நகல். எழுதியவள் தலைமைப் பொறியாளரின் மனைவி. அப்போது அந்த அறையைப் பார்த்துக்கொண்டது அவள்தான். பதவி, தற்காலிக உதவியாளர். அந்த வேலை நிரந்தரமானதும் அதற்குத் தலைமைப் பொறியாளர் என்று பெயர் சூட்டி நேர்காணல் வைத்தார்கள். இரண்டு பேரும் போனார்கள். அவளிடம், "வீட்டை யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்கள். அவரிடம், "உங்க தொலைநோக்கு என்ன?" என்று கேட்டார்கள். அவரிடம் தொலைநோக்கு நிறைய இருந்தது.

சேர்ந்த அன்றே மாலை ஐந்து மணிக்கு எல்லாப் பட்டியலையும் அழித்தார். பதிலுக்கு ஒரே ஒரு பெயர் சர்வர். யாருக்கு எந்த எண் வேண்டுமோ அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் எண்களைத் தானே பொறுக்கிக்கொள்ளும். யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

"உன் மளிகைச் சீட்டையெல்லாம் துடைச்சு எறிஞ்சாச்சு" என்று அன்று வீட்டில் சொன்னார்.

"அப்படியா?" என்றபடி அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு புகார் கிடையாது.

"இப்ப பாருங்க" என்று ஆய்வாளரிடம் முதல் கணினியைத் திறந்து காட்டினார். "பட்டியல் இருக்கவேண்டிய இடம். காலியா இருக்கும்."

காலியாக இல்லை. முப்பத்திரண்டு வரியும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இருக்கே சார்."

"எச்சம்" என்றார் அவர். "அன்னிக்கு ஒண்ணு தப்பிச்சிருக்கு."

இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதை. எல்லாம் தப்பித்திருந்தன.

"என் கணக்கு முடியட்டும் சார். சாயங்காலம் வரைக்கும் விட்டுடுங்களேன்."

"ஒரு நொடி வேலைம்மா." ஒரே கட்டளையில் முப்பத்திரண்டையும் அழித்தார். மணி பத்து.

பத்து ஆறுக்குத் திரை சிவந்தது. கணினி ஏழுக்குப் பதினொன்றைத் தெரியவில்லை. பதினொன்றுக்கு யாரையுமே தெரியவில்லை. பத்தொன்பது நாள் ஒன்றாக உழைத்தவை, பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி முகம் திருப்பிக்கொண்டன.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணி நேரம்தான் சார் காத்திருக்கும். ரெண்டு மணிக்குள்ள எல்லாம் ஒண்ணு சேரலேன்னா கணக்கையே கைவிட்டுடும். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்த மாசத்தோட என் ஒப்பந்தம் முடியுது. இன்னொரு பத்தொன்பது நாளுக்கு நான் எங்கே போவேன்?"

"பதறாதீங்க."

"மேடத்துக்கு ஒரு போன் போடலாமா?"

"எந்த மேடம்?"

"உங்க... மேடம்."

"அவங்க காலத்து முறை வேற" என்றார் தலைமைப் பொறியாளர். மூன்று வாரத்துக்கு முந்தைய காலம்.

பெயர் சர்வரைத் திறந்தார். இதுவரை வந்த கேள்விகள் எத்தனை என்று ஒரு மூலையில் காட்டும். சைபர் என்று காட்டியது. மூன்று வாரமாக எந்தக் கணினியும் அதனிடம் எதையும் கேட்டதில்லை.

"இந்தக் கவுண்டர் வேலை செய்யல" என்று முடிவு கட்டினார்.

பிறகு பார்த்தால், சர்வரின் முகவரியைக் கணினிகளுக்குச் சொன்னபோது அவரே ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருந்தார். திருத்தினார். முப்பத்திரண்டும் ஒரே சமயத்தில் கேட்கத் தொடங்கின. சர்வர் தானே பொறுக்கிவைத்த எண்களை அள்ளி வீசியது. திரையில் பச்சை தெரிந்தது.

"பாத்தீங்களா?"

தொலைபேசி அடித்தது. மூன்றாவது மாடி எழுத்தர். கோப்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஃபைல் அண்ணன் என்று பெயர். "சார், நம்ம பிரிண்டருக்குப் பேய் புடிச்சிருக்கு. யாருமே ஒண்ணும் குடுக்கல. எண்ணா எண்ணா அடிச்சுத் தள்ளுது."

ஆய்வாளர் மெதுவாகக் கேட்டாள். "கணினி ஏழுக்கு என்ன எண் குடுத்திருக்கீங்க?"

சர்வர் பொறுக்கிய எண் பிரிண்டருடையது. அவளுடைய மருந்து, மூன்றாவது மாடியில் தாளாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க அண்ணே!"

"எதை சார்? பிளக்கையே புடுங்கிட்டேன். தாளை என்ன பண்றது, ஃபைல் போட்டுடவா?"

மணி பதினொன்றரை. தப்பான பதில்களை மறக்கடிக்க ஒரே வழி, சர்வரை அணைத்து எழுப்புவது. அணைத்தார். எழவில்லை. எழுவதற்கு அதன் கோப்புகள் வேண்டும். கோப்புகள் வேறொரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டியை அது பெயர் சொல்லித்தான் தேடும். பெயருக்கு எண் சொல்ல வேண்டியது அதே சர்வர். தூங்கி எழாத ஒருவன் தன்னை எழுப்பச் சொல்லித் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, பெட்டிக்கு நேரா எண்ணைப் போட்டுப் போயிடலாமே சார்?"

"போகலாம்."

"என்ன எண்?"

எண்கள் தேவையில்லாத உலகத்தை அவர் அவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருந்தார். ஒன்றுகூட மிச்சமில்லை.

"மேடத்துக்கு..."

"வேண்டாம்மா."

பன்னிரண்டே முக்காலுக்கு, கை கழுவுகிற சாக்கில் நடைவழிக்குப் போய் அவரே போன் செய்தார். வேறொரு பெண்குரல் எடுத்தது.

"பல் டாக்டர் கிளினிக் சார். அவங்க நாற்காலியில இருக்காங்க. கடைவாய்ப் பல் எடுத்திருக்கு, வாய் நிறையப் பஞ்சு."

"நான் அவங்க வீட்டுக்காரர். அவசரம்."

"பேச முடியாது சார். ஆமா இல்லைன்னு மட்டும் முனகச் சொல்றேன்."

போன் காதுக்கு மாறியது.

"நான்தான். எல்லாம் நல்லா ஓடுது. சும்மா ஒரு விஷயம்... அந்த உன்னோட... பட்டியல். எங்கேயாவது எழுதி வச்சிருக்கியா?"

"ம்."

"வீட்லயா?"

"ம்ஹூம்."

"இங்கேயேவா? மேசை டிராயரா?"

"ம்ஹூம்."

"பீரோ? சுவரு? ஏசி மேலே?"

"ம்ஹூம். ம்ஹூம். ம்ஹூம்."

"கணினி அடுக்கியிருக்கிற அலமாரியா? கதவா? கதவுக்கு உள்பக்கமா?"

"ம்ம்ம்!"

அந்த முனகலில் ஆறு வருஷம் இருந்தது. அவர் காதில் விழுந்தது 'ஆமாம்' மட்டும்.

கடைசி அலமாரிக் கதவின் உள்பக்கம், நாலு மூலையும் ஒட்டி, கட்டம் போட்ட ஒரு தாள். உருண்டையான கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண். பதினேழுக்குப் பக்கத்தில் மட்டும், 'இவன் கொஞ்சம் அழுத்தக்காரன், இரண்டு தடவை கூப்பிடவும்' என்று குறிப்பு.

தலைமைப் பொறியாளர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் நின்றபடி அடிக்கத் தொடங்கினார். ஆய்வாளர் எண்களை வாசித்தாள். முதல் கணினிக்கு முப்பத்திரண்டு வரி. அதை எண் வழியாக அடுத்ததற்கு. பிறகு அதற்கடுத்ததற்கு. விரல் விறைத்தது. பதினேழை ஒரு தடவைதான் கூப்பிட்டார், வரவில்லை. குறிப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"ரெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு சார்."

"தெரியும்."

"இருபத்தெட்டு. கடைசி இலக்கம் ஆறு. நீங்க ஒன்பது அடிச்சிருக்கீங்க."

திருத்தினார்.

ஒன்று ஐம்பத்தேழுக்கு முப்பத்திரண்டாவது கணினி முதலாவதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. முதலாவது பதில் சொன்னது. சிவப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. நின்ற இடத்திலிருந்தே கணக்கு நகரத் தொடங்கியது. ஆய்வாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத்தான் சங்கடம்.

"இது தற்காலிக ஏற்பாடுதான்" என்றார் அவர். "வெளியில சொல்ல வேண்டாம்."

"சொல்ல மாட்டேன் சார்."

அவள் தேநீர் குடிக்கப் போனாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கதவிலிருந்த பட்டியலைப் பார்த்து வரி வரியாகத் தன் கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். பதினேழாவது வரியில் குறிப்பையும் சேர்த்துக்கொண்டார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

ஃபைல் அண்ணன். கையில் கோப்பு.

"பிரிண்டர் தாளா அண்ணே?"

"இல்ல சார், லீவு லெட்டர். உங்க பிரிவு ஆளு, நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"என் பிரிவுல என்னைத் தவிர ஆள் ஏது?"

ஃபைல் அண்ணன் கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"உங்க வீட்டு மேடம்தான் சார், நீங்க அழிச்சிட்டுப் போன அன்னிக்கு ராத்திரியே வீட்லேருந்து எல்லாத்தையும் திருப்பி எழுதினாங்களே, அதுலேருந்து நம்ம இயக்குநர் அவங்களை வீட்லேருந்தே இதைப் பாத்துக்கற வேலைக்கு வச்சிருக்காரு, மறுபடியும் தற்காலிக உதவியாளரா, பல் எடுக்கணும்னு இன்னிக்கு ஒரு நாள் லீவு கேட்டாங்க, 'ஒரு நாள்ல அந்த ஆளு என்னத்த உடைச்சிடப் போறாரு'ன்னு அவருதான் குடுத்தாரு."