காற்றுக்குழாய்க்கு ஒரு தொப்பி

இந்த வீட்டுக்குள் எந்தப் பிளம்பரும், குறிப்பாகத் தம் மனைவிக்கு அண்ணனாகவும் வாய்த்துவிட்ட அந்தப் பிளம்பர், கால் வைக்கக்கூடாது என்று மூக்கர் வெள்ளிக்கிழமை காலையில் சூளுரைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு உரைத்தபடியால், சபதத்தில் இருந்திருக்க வேண்டிய கம்பீரத்தில் பாதிதான் வெளியே வந்தது.

மூக்கர் என்பது தொழில் தந்த பெயர். சோப்புத் தொழிற்சாலையில் ஒவ்வொரு கொதிகலனின் சரக்கையும் முகர்ந்து, போகலாம், போகக்கூடாது என்று தீர்ப்பளிப்பவர் அவர். அந்தப் பிரிவின் தலைவர் பதவி காலியாயிருந்தது. எவருக்கும் பதவி கொடுக்குமுன் அவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவது மேலாளரின் வழக்கம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மூக்கர் வீட்டில் காபி. அந்த வீட்டில்தான் புதன்கிழமையிலிருந்து சாக்கடை நாற்றம்!

"மூக்கை வச்சுப் பிழைக்கிறவன் வீடே நாறுதுன்னா, அந்தாளு எனக்குப் பதவியா குடுப்பாரு? முகக்கவசம்தான் குடுப்பாரு!"

"அதுக்குத்தாங்க சொல்றேன், எங்க அண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேண்டாம்! மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வாஷர் மாத்தினாரு. இன்னிக்கும் என்னைப் பாத்தா, 'மாப்பிள்ளை, வாஷர் சௌக்கியமா?'ன்னுதான் கேக்குறாரு."

"அக்கறையாத்தானே கேக்குறாரு?"

"வாஷர் மேல அக்கறை! நான் சௌக்கியமான்னு ஒருநாள் கேட்டதுண்டா?"

மனைவி பாத்திரத் தொட்டியில் தண்ணீரைத் திறந்தாள். தொட்டி, 'களக், களக்' என்று தொண்டையைச் செருமியது. அதையும் அவர் மைத்துனரின் சிரிப்பாகவே கேட்டார்.

"அது போகட்டும். என் பால்பவுடர் டப்பா ஒண்ணு காணோமே, பாத்தீங்களா?"

"நாத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் தவிச்சிட்டிருக்கேன், உனக்கு டப்பாதான் பெரிசாப் போச்சா?"

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மூக்கர் வேட்டையில் இறங்கினார். தொட்டிக்கடியில் இருந்தவற்றையெல்லாம் வாரிக் கூடத்தில் கொட்டினார். குளியலறையை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். ஐயத்தின்பேரில் தம் செருப்புகளையே நாடு கடத்தினார். நாற்றம் அசையவில்லை. மாலையில் அதைவிடப் பெரிய பீதியொன்று அவரைப் பிடித்தது. இரண்டு நாளாக ஒரே வாடையில் ஊறிய மூக்கு மரத்துப்போயிருந்தது. தைலத்தை முகர்ந்தார், தெரியவில்லை. வெங்காயத்தை முகர்ந்தார், அதுவும் தெரியவில்லை. பிழைப்பே போயிற்றே!

"என்னங்க, உங்க அலமாரிப் பக்கம் கொஞ்சம் கூடுதலா அடிக்குதோ?" என்றாள் மனைவி.

அந்த அலமாரியில் பதினைந்து வருடச் சோப்புகள் இருந்தன. தாம் தேறவிட்ட ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு கட்டி, தேதியிட்ட காகிதத்தில் சுற்றி, வரிசை பிசகாமல். அவள் துணிமணிகளோ பதினைந்து வருடமாகக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தன.

"சோப்பு எங்கேயாவது நாறுமா?"

"கொழுப்பு ஊசிப்போனா நாய்கூட அண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கென்ன தெரியும்? நீங்களே மோந்து பாருங்க."

முகர்ந்து பார்க்கத்தான் அவரிடம் மூக்கு இல்லையே! சனிக்கிழமை காலை, நான்கு சோப்பு மூட்டைகள் குப்பை வண்டியில் ஏறின. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று உள்ளே வந்து கேட்டார்.

"அப்படியேதாங்க இருக்கு."

ஞாயிறு ஒரு மணிக்குச் சபதம் முறிந்தது. "சரி, கூப்பிடு உங்க அண்ணனை!"

அழைத்த நான்காம் நிமிடம் மைத்துனர் ஸ்பானரோடு வாசலில் நின்றார். "மாப்பிள்ளை, வாஷர் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, தொட்டியையோ குளியலறையையோ எட்டியும் பாராமல் நேரே மாடிப்படி ஏறினார். மூக்கர் பின்னாலேயே ஓடினார்.

மொட்டைமாடியின் ஓரத்தில் நின்ற சாக்கடைக் காற்றுக்குழாயின் தலையில், தொப்பி வைத்தாற்போல் ஒரு பால்பவுடர் டப்பா கவிழ்ந்திருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க எவ்வளவு நேரம் மூச்சு விடாம இருப்பீங்க?"

"ஒரு நிமிஷம். எதுக்கு மச்சான்?"

"இந்தக் குழாய் அஞ்சு நாளா மூச்சு விடாம இருக்கு. கீழ தொட்டிக்கடியில வளைவு இருக்குல்ல, அங்க நிக்கிற தண்ணிதான் காவக்காரன். நாத்தத்தை உள்ள விடாது. இங்க காத்துக்கு வழி அடைச்சா, போற தண்ணி காவக்காரனையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிடும். அப்புறம் சாக்கடைக்கு என்ன தடை? விருந்தாளி மாதிரி உள்ள வரும்."

மூக்கருக்கு வியர்த்தது. மேலாளர் வருவதற்குள் மூக்கைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைதான் மொட்டைமாடியில் மூச்சுப்பயிற்சி தொடங்கியிருந்தார். அந்தக் குழாயின் வாடை பொறுக்காமல், சமையலறையில் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்துக் கவிழ்த்தவரும் அவரே. மாடியில் நாற்றம் நின்றது. கீழே போய் நின்றது.

"யாரு வச்சிருப்பாங்க மச்சான்?"

"ஏதாவது பறவையா இருக்கும்."

"ஆமா ஆமா, பறவைதான். மச்சான்... தங்கச்சிகிட்ட இதைச் சொல்ல வேண்டாமே."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றார் மைத்துனர், மிகவும் உண்மையாக.

தொப்பி இறங்கியது. தொட்டியிலும் குளியலறையிலும் தண்ணீர் ஊற்றிச் சன்னல்களைத் திறந்துவைத்ததும் வீடு மூச்சுவிட்டது. மூன்றரை மணிக்கு மூக்கரின் மூக்கில் காபி மணத்தது. அவர் ஏறக்குறைய அழுதுவிட்டார். நான்கு மணிக்கு வந்த மேலாளர் ஆழமாக மூச்சிழுத்து, "இவ்வளவு பளிச்சுன்னு ஒரு வீட்டை நான் பாத்ததே இல்ல," என்று பதவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெற்றிக் களிப்பில் சட்டையைக் கழற்றி மாட்ட, காலியாகிவிட்ட அலமாரியைத் திறந்தார் மூக்கர். அங்கே மனைவியின் துணிகள், நிறம்நிறமாக, வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. திகைத்துச் சமையலறைக்கு வந்தால், கழுவித் துடைத்த பால்பவுடர் டப்பாவில் அவள் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இது... எங்க கிடைச்சுது?"

"புதன்கிழமை துணி காயப்போட மேல போனேங்க. என் டப்பா எனக்கு அடையாளம் தெரியாதா?"

"புதன்கிழமையா! அப்பவே எடுத்திருந்தா என்ன? என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தியே!"

"அதெப்படி விடுவேன்? அதான் அண்ணனைக் காலையிலேருந்து முனைக்கடையில உக்கார வச்சிருந்தேனே. டப்பாவை அன்னிக்கே எடுத்திருந்தா, அந்த நாலு மூட்டை வண்டி ஏறியிருக்குமா?"

மனைவி டப்பாவை மூடினாள். தலைக்கு மேலிருந்த பரணையும், அதில் கூரை முட்ட அவர் சேர்த்துவைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"அதையெல்லாம் நீங்களே இறக்கிர்றீங்களா, இல்ல டப்பாவை மறுபடியும் அந்தக் குழாய் தலையில மாட்டிட்டு வரட்டுமா?"